ஜீரோவும் அதன் தம்பிகளும்: ஜப்பான் கடற்படைச் சண்டை விமானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் ஒட்டுவது எனக்குப் பழைய பைத்தியம். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜப்பான் கடற்படை விமானங்கள்தான், முக்கியமாக மிட்சுபிஷி செய்த ஜீரோ. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஜீரோ என்று ஏன் பெயர்? பூஜ்யம் என்று யாராவது விமானத்துக்குப் பெயர் வைப்பார்களா?

அது ஆண்டுக் கணக்கு. ஜப்பானியர் தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லும் நாளிலிருந்து எண்ணும் ஒரு நாட்காட்டி உண்டு. அதன்படி 1940 என்பது 2600-ஆம் ஆண்டு. ஒரு விமானம் படையில் சேர்ந்த ஆண்டின் கடைசி எண்களை அதன் பெயராக வைப்பது வழக்கம். 1936-இல், அதாவது 2596-இல் வந்தது 96 வகை. 2600-இல் வந்தது 0 வகை. ஜப்பானிய மொழியில் 'ரெய்சென்' என்றும் 'ஜீரோசென்' என்றும் சொல்வார்கள். அமெரிக்கர்கள் வைத்த சங்கேதப் பெயர் 'ஜீக்'. சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏ6எம்2, என்1கே2-ஜே என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

பழகினால் சுலபம். முதல் எழுத்து வேலை: 'ஏ' என்றால் கப்பலில் இருந்து பறக்கும் சண்டை விமானம், 'ஜே' என்றால் தரைத்தளத்துச் சண்டை விமானம், 'என்' என்றால் மிதவை வைத்த சண்டை விமானம். அடுத்த எண் அந்த வரிசையில் எத்தனையாவது வடிவமைப்பு என்பது. அப்புறம் வரும் எழுத்து கம்பெனி: 'எம்' மிட்சுபிஷி, 'என்' நகாஜிமா, 'கே' கவானிஷி. கடைசி எண் அதன் திருத்தப் பதிப்பு. ஆக ஏ6எம்2 என்றால் மிட்சுபிஷி செய்த, ஆறாவது கப்பல் சண்டை விமானத்தின் இரண்டாம் பதிப்பு. என்1கே2-ஜே என்பதில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஜே', மிதவை விமானமாகப் பிறந்தது பிறகு தரை விமானமாக மாறியது என்று சொல்கிறது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஜீரோவுக்கு முன்னால் ஜப்பானிடம் என்ன இருந்தது? அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்கிறார்களே?

காப்பி என்கிற பேச்சு போர்க்காலத்தில் கிளம்பியது. தங்களை அடித்த விமானம் ஜப்பானியர் சொந்தமாகச் செய்தது என்று ஒப்புக்கொள்ள மேலைநாட்டில் பலருக்கும் மனம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொண்டார்கள், உரிமம் வாங்கினார்கள், அதெல்லாம் உண்மை. ஜீரோவின் 20 மி.மீ. பீரங்கியே சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோன் வழியில் வந்ததுதான். ஆனால் விமானம் அவர்களுடையது.

மிட்சுபிஷியில் ஹொரிகோஷி ஜிரோ என்ற இளம் பொறியாளர் செய்த முதல் சண்டை விமானம் படுதோல்வி. இரண்டு முன்மாதிரிகள் செய்தார்கள், இரண்டும் விழுந்து நொறுங்கின. அடுத்த முயற்சியில், 1935 பிப்ரவரியில் பறந்ததுதான் பிறகு 96 வகை என்று படையில் சேர்ந்தது. கடற்படை மணிக்கு 350 கி.மீ. வேகம் கேட்டிருந்தது, முன்மாதிரி 440-ஐத் தாண்டியது. ஒற்றை இறக்கை, முழுக்க உலோகம், தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாக அமர்ந்த ரிவெட்டுகள். ஆனால் சக்கரங்கள் உள்ளே மடங்காது, காக்பிட்டுக்கு மூடி கிடையாது. ஒரு பதிப்பில் மூடி போட்டுக் கொடுத்தார்கள், முகத்தில் காற்றுப் படாவிட்டால் சுற்றுமுற்றும் பார்க்க முடியவில்லை என்று விமானிகள் முரண்டு பிடித்ததால் கழற்றிவிட்டார்கள். இந்த விமானிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

ஜீரோவை வடிவமைத்தபோது கடற்படை என்ன கேட்டது?

எல்லாவற்றையும் கேட்டது. 1937-இல் வந்த பட்டியல் இப்படி: வேகம் மணிக்கு 500 கி.மீ., 3,000 மீட்டர் உயரத்துக்கு மூன்றரை நிமிடத்தில் ஏற வேண்டும், கூடுதல் டேங்க் மாட்டினால் ஆறு முதல் எட்டு மணி நேரம் வானத்தில் நிற்க வேண்டும், இரண்டு 20 மி.மீ. பீரங்கியும் இரண்டு இயந்திரத் துப்பாக்கியும் வேண்டும், ரேடியோ வேண்டும், இவ்வளவுக்கும் மேல் வளைந்து திரும்புவதில் 96 வகைக்குக் குறையக் கூடாது. போட்டியில் இருந்த நகாஜிமா கம்பெனி பட்டியலைப் பார்த்துவிட்டு, 1938 தொடக்கத்தில் ஆளை விடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டது.

ஒரு கூட்டத்தில் ஹொரிகோஷி கேட்டார்: வேகம், தூரம், வளைந்து திரும்புவது, இந்த மூன்றில் எதற்கு முதலிடம்? கென்டா மினொரு என்ற அதிகாரி, திரும்புவதுதான் உயிர் என்றார். ஷிபாட்டா தாக்கியோ என்ற இன்னோர் அதிகாரி, வேகமும் தூரமும்தான் முக்கியம், திரும்புவதைப் பயிற்சியால் ஈடுகட்டலாம் என்றார். இருவருமே கடற்படை விமானிகள், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹொரிகோஷிக்குக் கிடைத்த பதில் என்ன? மூன்றும் வேண்டும்.

சரி, மூன்றையும் எப்படிக் கொடுத்தார்?

எடையைக் குறைத்து. வேறு வழியே இல்லை, ஏனென்றால் கையில் இருந்த எஞ்சின் 1,000 குதிரைத்திறனைக்கூடத் தொடாதது. சுமிட்டோமோ கம்பெனி அப்போதுதான் கண்டுபிடித்திருந்த, துத்தநாகம் கலந்த ஒரு புது அலுமினிய உலோகக்கலவையை இறக்கையின் முதுகெலும்புக்கு எடுத்துக்கொண்டார். இறக்கையையும் உடலின் முன்பகுதியையும் ஒரே துண்டாகச் செய்தார், இரண்டையும் இணைக்கும் கனமான போல்ட்டுகள் மிச்சம். உள்ளே எலும்புகளில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஓட்டை. காலி விமானத்தின் எடை 1,700 கிலோவுக்குள், அதாவது இன்னோவா மாதிரி ஒரு காரின் எடைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எலிவேட்டர் கம்பி விஷயம். வால்பகுதியில் மேலும் கீழும் அசைந்து விமானத்தின் மூக்கைத் தூக்கியிறக்குகிற தகடுதான் எலிவேட்டர். மெதுவாகப் பறக்கும்போது ஸ்டிக்கை, அதாவது விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, நிறைய இழுக்க வேண்டும், வேகமாகப் பறக்கும்போது லேசாகத் தொட்டாலே விமானம் துள்ளும். எல்லா விமானத்துக்கும் உள்ள பிரச்சினை இது. கம்பி விறைப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பாடப்புத்தக விதி. ஹொரிகோஷி வேண்டுமென்றே கொஞ்சம் இழுபடும் மெல்லிய கம்பியைப் போட்டார். வேகம் கூடும்போது காற்றின் அழுத்தத்தில் எலிவேட்டர் எதிர்க்கிறது, கம்பி நீள்கிறது, ஸ்டிக்கை அதே அளவு இழுத்தாலும் தகடு குறைவாகத்தான் அசையும். தனியாக ஒரு கருவியும் இல்லை, எடையும் கூடவில்லை. விமானிகள் ஜீரோவைக் கையும் காலும் மாதிரி என்று கொண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் முன்மாதிரி 1939 ஏப்ரல் 1 அன்று ககாமிகஹாராவில் பறந்தது. நாகோயா தொழிற்சாலையை ஒட்டி விமானத் தளம் இல்லாததால் அந்த நவீன விமானத்தைப் பிரித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். லாரியில் வைத்தால் அந்த ரோட்டில் குலுங்கி உடைந்துவிடுமாம்.

விமானிக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை, டேங்க் சுட்டால் எரியும். விமானியின் உயிரைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பாதிப் பேர் 'சாமுராய் மனப்பான்மை' என்ற பதிலைத் தாங்களே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1937-இல் கவசமும், குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் டேங்கும் எந்த நாட்டுச் சண்டை விமானத்திலும் கட்டாயமாக இருக்கவில்லை. கடற்படையின் பட்டியலிலும் அது இல்லை. ஐரோப்பாவில் 1939, 40-இல் பட்ட அடியில்தான் மற்றவர்கள் அவசர அவசரமாக மாட்டினார்கள், ஆயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன் இருந்ததால் அந்த எடையைத் தாங்கவும் முடிந்தது. ஜீரோவில் நூறு கிலோ கூட்டினால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று போகும். பின்னால் வந்த ஏ6எம்5 பதிப்புகளில் தீயணைப்பு ஏற்பாடும் கவசமும் சேர்த்தார்கள், விமானமும் அதற்கேற்றபடி கனத்துப்போனது. குற்றம் சொல்வதென்றால் 1937-இல் கேட்காததைவிட, 1942-இல் அடி வாங்கிய பிறகும் தாமதித்ததைத்தான் சொல்வேன்.

ஆரம்பத்தில் அவ்வளவு பயங்கரமாக இருந்ததா?

1940 செப்டம்பர் 13, சோங்சிங் நகரத்துக்கு மேலே 13 ஜீரோக்கள், எதிரே இருமடங்குக்கும் மேல் சீன விமானங்கள். ஜப்பானியர் 27 வீழ்த்தியதாகச் சொன்னார்கள். அது மிகைதான், ஆனால் அவர்கள் பக்கம் ஒரு விமானம்கூட விழவில்லை என்பது உண்மை. அடுத்த அதிர்ச்சி 1941 டிசம்பர் 8. தைவானிலிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி, பிலிப்பைன்ஸில் கிளார்க் தளத்தை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் அவ்வளவு தூரம் வந்து போகும் என்பதை நம்ப முடியாமல், பக்கத்தில் எங்கோ விமானந்தாங்கிக் கப்பல் நிற்கிறது என்றே அமெரிக்கர்கள் நினைத்தார்கள்.

இலங்கை மேலேயும் ஜீரோ பறந்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9-ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கின. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை ஜீரோக்கள். எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானிகள் ஜெர்மானிய விமானங்களை வளைந்து திரும்பி மடக்கிப் பழகியவர்கள், அதையே ஜீரோவிடம் செய்யப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். 9-ஆம் தேதியே மட்டக்களப்புக்கு அருகில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அதன் தளத்தில் காவலுக்கு ஒரு சண்டை விமானமும் இல்லை. இடையில் 6-ஆம் தேதி, வேறொரு ஜப்பானியப் படைப்பிரிவு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அன்று இரண்டும் சென்னை மாகாணத்து ஊர்கள். சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஊர்ப்பக்கம் ஓடிய கதை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், அது இந்த மாதத்துக் கதைதான்.

அலாஸ்காவில் கிடைத்த ஜீரோவைப் பிரித்துப் பார்த்துத்தான் அமெரிக்கா தன் ஹெல்கேட் சண்டை விமானத்தைச் செய்தது, சரிதானே?

தேதியைப் பாருங்கள். 1942 ஜூன் 4 அன்று கொகா தடயோஷி என்ற இளம் விமானி, எண்ணெய்க் குழாயில் குண்டு பட்டு, அலூஷியன் தீவுகளில் அக்குட்டான் என்ற தீவில் புல்தரை என்று நினைத்துச் சக்கரத்தை இறக்கினார். அது சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது, கொகா கழுத்து முறிந்து இறந்தார். எதிரி மண்ணில் விழுந்த ஜீரோவைச் சுட்டு அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. கூட வந்த இரண்டு பேரும் கொகா உயிரோடு இருக்கலாம் என்று நினைத்து, சுட மனம் வராமல் போய்விட்டார்கள். ஜூலை 10-இல் அமெரிக்கர் கண்ணில் பட்டது, செப்டம்பரில் சான் டியாகோவில் பறந்தது. ஹெல்கேட்டோ ஜூன் 26-ஆம் தேதியே முதல்முறை பறந்துவிட்டது. அப்புறம் எப்படிப் பார்த்துச் செய்வது?

அந்த விமானம் கொடுத்தது வேறு, அதுவும் சின்ன விஷயமில்லை. வேகம் கூடினால் ஜீரோவின் எய்லரான்கள், அதாவது இறக்கை நுனியில் விமானத்தைச் சாய்க்கும் தகடுகள், கல்லாக இறுகிவிடும். வலப்பக்கம் உருள்வது இடப்பக்கத்தைவிடச் சிரமம். ஸ்டிக்கை முன்னால் தள்ளித் திடீரென்று கீழே பாய்ந்தால் கார்புரேட்டருக்கு எரிபொருள் வராமல் எஞ்சின் இருமும். ஆகவே பின்னால் ஜீரோ ஒட்டிக்கொண்டால் செங்குத்தாகப் பாய், வேகம் எடு, வலப்பக்கம் உருண்டு திரும்பு. இதை எல்லா விமானிகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

விமானமா தோற்றது, விமானியா?

இரண்டும். பசிபிக்கில் ரபவுல் என்ற ஜப்பானியத் தளத்திலிருந்து, சண்டை நடந்த குவாடல்கனால் தீவுக்குப் போக மட்டும் சுமார் 1,000 கி.மீ. போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் சண்டை, அப்புறம் அதே தூரம் திரும்ப. 1942 ஆகஸ்ட் 7 அன்று சாகாய் சபுரோ என்ற பேர்போன விமானி தலையில் குண்டு பட்டு, வலது கண் போய், உடம்பில் ஒரு பக்கம் மரத்துப்போய், நாலே முக்கால் மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் அவருடைய வீரத்தைப் பேசுகிறார்கள், நான் அந்தத் தூரத்தைப் பார்க்கிறேன். லேசாக அடிபட்ட விமானம்கூட வழியில் கடலில் விழும், விழுந்தவரைத் தேட ஆள் போகாது. அப்படிப் போனவர்கள் பல வருடம் பயிற்சி பெற்றவர்கள். ரேடியோ இரைச்சலில் ஒன்றுமே கேட்காது என்பதால் தரைத்தள விமானிகள் சிலர் எடைக்காக ஆன்டெனாக் கம்பத்தையே அறுத்து எறிந்திருந்தார்கள். வானத்தில் ஒருவருக்கொருவர் சைகைதான்.

ஜீரோவுக்குப் பதிலாக ஒரு புது விமானத்தை ஏன் நேரத்துக்குக் கொண்டுவரவில்லை?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். என் பதில்: எஞ்சின், அதற்கடுத்து ஆள் பற்றாக்குறை.

ஜீரோவின் சகாயே எஞ்சின் 28 லிட்டர், 14 சிலிண்டர். ஹெல்கேட்டின் எஞ்சின் 46 லிட்டர், 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன். இந்த வித்தியாசத்தை எந்த வடிவமைப்பாளரும் பென்சிலால் சரிக்கட்ட முடியாது. மிட்சுபிஷியிடமே 'கின்செய்' என்று 32 லிட்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. ஹொரிகோஷி தொடக்கத்தில் அதையும் யோசித்தார், ஆனால் அதை வைத்தால் விமானம் பெரிதாகும், 96 வகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த விமானிகள் ஏற்க மாட்டார்கள் என்று சின்ன எஞ்சினுக்குப் போனார். அதே கின்செய் ஜீரோவில் கடைசியாக ஏறியது எப்போது தெரியுமா? 1945-இல். ஏ6எம்8 என்ற பெயரில் இரண்டு முன்மாதிரி செய்தார்கள், போர் முடிந்துவிட்டது.

ஆள் விஷயம் இன்னும் பரிதாபம். ஜீரோவுக்குத் திருத்தம், ரைடன் என்ற இடைமறிப்பு விமானம், ஜீரோவின் வாரிசான ரெப்பூ, மூன்றுமே ஹொரிகோஷியின் அதே சின்னக் குழுவின் தலையில்தான். நடுவில் அவருக்கே உடம்பு முடியாமல் போனது.

ரைடன் எப்படிப்பட்டது?

மாடல் ஒட்டினால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். குண்டுவீச்சு விமானத்துக்கான பெரிய எஞ்சினை எடுத்து, மூக்கைக் கூராக்க வேண்டும் என்று எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி, நீண்ட தண்டில் ப்ரொப்பெல்லரை மாட்டினார்கள். அதன் பலன் அதிர்வு, மாதக்கணக்கில் தீராத அதிர்வு. 1942 மார்ச்சில் பறந்தது, 1943 ஜூனில் ஒரு விமானம் கிளம்பிய உடனே மூக்குக் குத்தி விழுந்து விமானி இறந்தார். காரணம் தெரியாமல் திகைத்தார்கள். பிறகு இன்னொரு விமானிக்கு, சக்கரத்தை உள்ளிழுத்ததும் ஸ்டிக் தானாக முன்னால் போனது. அவர் சட்டென்று சக்கரத்தைத் திரும்ப இறக்கிப் பிழைத்தார். பார்த்தால், மடங்கும் வால்சக்கரத்தின் தண்டு எலிவேட்டர் குழாயைத் தள்ளிக்கொண்டிருந்தது! அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது நான்கு 20 மி.மீ. பீரங்கியோடு ரைடன் நன்றாகவே உதவியது, ஆனால் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

மிதவை விமானம் தரை விமானமான கதை?

ஷிடென். கவானிஷி கம்பெனி கடல் விமானங்கள் செய்து பழகியது. ஓடுதளம் இல்லாத தீவுகளுக்காக 'க்யோஃபூ' என்று மிதவை வைத்த சண்டை விமானம் செய்துகொண்டிருந்தபோதே, மிதவையைக் கழற்றிச் சக்கரம் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1942 டிசம்பர் 27-இல் பறந்தும்விட்டது. ஆனால் இறக்கை உடலின் நடுவில் இருந்ததால் சக்கரக் கால்கள் கொக்குக்கால் மாதிரி நீளம், உள்ளே மடங்கும் முன் அவை சுருங்க வேண்டும், அது அடிக்கடி சிக்கும். ஒரு வருடத்தில் இறக்கையைக் கீழே இறக்கி 'ஷிடென் கை' என்று மாற்றிச் செய்தார்கள், உதிரிப் பாகங்களின் எண்ணிக்கையே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பாதரசக் குழாய் ஒன்று வேகத்தையும் வளைவின் கடுமையையும் கணித்து மின்தொடர்பு கொடுக்க, இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃப்ளாப் தானே இறங்கி ஏறும் ஏற்பாடும் இருந்தது. மிச்சமிருந்த நல்ல விமானிகளைச் சேர்த்து கென்டா, ஆமாம் அந்தக் கூட்டத்தில் பேசிய அதே கென்டா, மட்சுயாமாவில் 343-ஆம் பிரிவை உருவாக்கினார். 1945 மார்ச் 19 அன்று அமெரிக்கரைத் திணறடித்தார்கள். எத்தனை விழுந்தது என்பதில் இரு பக்கக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஷிடென் கை மொத்தமே 400 அளவில்தான் தயாரானது. அதன் 'ஹொமாரே' எஞ்சின் காகிதத்தில் 2,000 குதிரைத்திறன், கிடைத்த மட்டமான எரிபொருளிலும் உலோகத்திலும் அது வந்தால் அதிர்ஷ்டம்.

ரெப்பூ?

1940-இல் கேட்டார்கள், பொருத்தமான எஞ்சின் இல்லை என்று தள்ளிவைத்தார்கள், 1942-இல் மறுபடி எடுத்தார்கள். மிட்சுபிஷி தன் சொந்த எஞ்சின் வேண்டும் என்றது, கடற்படை ஹொமாரேதான் என்றது. 1944 மே மாதம் பறந்தபோது வேகம் வரவில்லை. பிறகு மிட்சுபிஷி எஞ்சினை மாட்டினால் சட்டென்று 600-ஐத் தாண்டியது. அதற்குள் டிசம்பர் 7-இல் நிலநடுக்கம் நாகோயாவைக் குலுக்கியது, அடுத்த வாரங்களில் பி-29 குண்டுகள். கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான் முடிந்தது.

பின்னால் ப்ரொப்பெல்லர் வைத்த விமானம், ஜெட் எல்லாம் செய்தார்களாமே?

செய்தார்கள். ஷின்டென் 1945 ஆகஸ்ட் 3-இல் பறந்தது, சிறு இறக்கை முன்னால், எஞ்சின் பின்னால். கிக்கா ஜெட் ஆகஸ்ட் 7-இல் பறந்தது, ஹிரோஷிமாவுக்கு மறுநாள். அவ்வளவுதான்.

ஜீரோவைக் கடைசியில் தற்கொலைத் தாக்குதலுக்கு ஏன் பயன்படுத்தினார்கள்?

வேறு எதற்கும் உதவாமல் போனதால். 1944 அக்டோபர் 25 அன்று செக்கி யுகியோவின் பிரிவு 250 கிலோ குண்டு கட்டிய ஜீரோக்களோடு மோதியதில் செயின்ட் லோ என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கியது.  மொத்தம் 10,000-க்கும் மேல் ஜீரோ செய்தார்கள், அதில் அதிகம் செய்தது, முதலில் ஆளை விடுங்கள் என்ற நகாஜிமாதான்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

சொந்த சகாயே எஞ்சினோடு பறக்கும் ஜீரோ கலிஃபோர்னியாவில் சீனோவில் இருக்கிறது. ஷின்டென் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம். ஜப்பான் போனால் எஹிமே மாநிலத்தில் ஐனான் என்ற ஊருக்குப் போங்கள். 1979-இல் கடலடியிலிருந்து தூக்கிய ஷிடென் கை ஒன்றை வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தண்ணீரில் மெதுவாக இறக்கப் பார்த்திருக்கிறார், ப்ரொப்பெல்லரின் நான்கு இதழ்களும் பின்னால் வளைந்திருக்கின்றன. நிமிர்த்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.